ஐரோப்பாவின் பங்காளிச் சண்டைகள்: இராஸ்மஸ், லூதர் முதல் மார்க்ஸ், பகூனின் வரை

திண்ணைவாசி எழுதியது:

பகையாளிச் சண்டை ஒரு நாள் ஓயும், பங்காளிச் சண்டை பேரன் காலத்திலும் ஓயாது என்பார்கள். ஐரோப்பிய வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு இது உறுதியாகிக்கொண்டே வருகிறது. பாடப்புத்தகங்களில் அரசர்களின் போர்களே பக்கம் பக்கமாக வரும். ஆனால் அந்தக் கண்டத்தின் மனதைப் பிளந்தவை வேறு சண்டைகள் என்று நினைக்கிறேன். ஒரே பக்கம் நின்றவர்கள், ஒரே புத்தகத்தை வாசித்தவர்கள், ஒருவர் உழுத நிலத்தில் மற்றவர் விதைத்தவர்கள் போட்டுக்கொண்ட சண்டைகள்.

எனக்கு ரொம்ப நாளாக மனதில் கிடப்பது டச்சு அறிஞர் இராஸ்மஸும், சபையை எதிர்த்துக் கிளம்பிய ஜெர்மன் துறவி லூதரும். 1516-ல் பாசல் நகரத்தில் ஃப்ரோபெனின் அச்சகத்திலிருந்து இராஸ்மஸ் பதிப்பித்த புதிய ஏற்பாடு வந்தது. ஒரு பத்தியில் கிரேக்க மூலம், பக்கத்துப் பத்தியில் அவரே திருத்திய லத்தீன். ஆயிரம் ஆண்டுகளாகத் திருச்சபை ஓதிவந்த லத்தீன் பைபிளில் தவறுகள் இருக்கின்றன என்று அச்சிலேயே காட்டிவிட்டார். ஒரு சொல்லை மட்டும் பாருங்கள். மத்தேயு நற்செய்தியில் வரும் அழைப்பு, பழைய லத்தீனில் 'தவம் செய்யுங்கள்' என்று படிக்கும்படி இருந்தது. பாவசங்கீர்த்தனம், அதற்கான பரிகாரம் என்று சபை நடத்திய சடங்குக்கெல்லாம் அந்தச் சொல்தான் ஆதாரம். கிரேக்கச் சொல்லோ மனம் திரும்புவதைச் சொல்கிறது. 1517-ல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து லூதர் எழுதிய 95 கூற்றுகளில் முதலாவது எதைப் பற்றியது தெரியுமா? இதே சொல்லைப் பற்றியதுதான்.

1519 மார்ச்சில் லூதர் இராஸ்மஸுக்கு மிகவும் பணிவாக ஒரு கடிதம் எழுதினார். இராஸ்மஸ் மே மாதம் பதில் போட்டார்: கூச்சலைவிட நிதானம் அதிக தூரம் போகும் என்று. அடுத்த வருடம் கொலோன் நகரில் சாக்சனி இளவரசர் பிரெடரிக் அவரிடம் நேரடியாகவே கேட்டார், லூதர் செய்த தப்புதான் என்ன? இரண்டு தப்பு செய்துவிட்டார், போப்பாண்டவரின் கிரீடத்தில் கைவைத்தார், துறவிகளின் வயிற்றில் கைவைத்தார் என்றார் இராஸ்மஸ். 1521-ல் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்தபோது லூதர் சுமார் 11 வாரங்களில் புதிய ஏற்பாட்டை ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். அவர் கையில் இருந்தது இராஸ்மஸின் இரண்டாம் பதிப்பு.

அப்புறம்தான் விரிசல். 'இராஸ்மஸ் முட்டையிட்டார், லூதர் அடைகாத்தார்' என்று துறவிகள் பேசிக்கொண்டார்கள். நான் இட்டது கோழி முட்டை, லூதர் பொரித்தது வேறு பறவை என்று இராஸ்மஸ் பதில் சொன்னார். எல்லாப் பக்கமிருந்தும் நெருக்கினார்கள், ஏதாவது எழுது, எந்தப் பக்கம் என்று சொல் என்று. 1524 செப்டம்பரில் மனிதனின் சுயசித்தத்தைப் பற்றி ஒரு சின்ன நூல் எழுதினார். கடவுளின் கிருபை முன்னே நின்றாலும், ஏற்கவோ மறுக்கவோ மனிதனிடம் கொஞ்சமாவது திராணி இருக்கிறது என்பது அவர் வாதம். 1525 டிசம்பரில் லூதரின் பதில் வந்தது. மனிதச் சித்தம் அடிமைப்பட்டது, இரட்சிப்பில் அதற்கு ஒரு பங்கும் இல்லை. பதில் கடுமையானது, ஆனால் அதற்குள் ஒரு நன்றியும் இருக்கிறது. போப்பாண்டவர் பதவி, உத்தரிக்கும் ஸ்தலம், பாவமன்னிப்புச் சீட்டு என்று மற்றவர்கள் சில்லறை விஷயங்களில் என்னைத் தொல்லை செய்தார்கள், நீ ஒருவன்தான் நேராக என் குரல்வளையைப் பிடித்தாய் என்கிறார்.

இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும். தன்னை முழுதாகப் புரிந்துகொண்ட ஒரே ஆளைத்தான் அவர் தள்ளிவைத்தார். இருவரும் வாழ்நாளில் ஒரு தடவைகூட நேரில் சந்தித்ததில்லை.

இராஸ்மஸின் கடைசிக் காலம் அதைவிட வேதனை. 1529-ல் பாசல் போப்பை விட்டுச் சீர்திருத்தத்தின் பக்கம் போனதும் ஊரைவிட்டு ஃப்ரைபர்க் போனார். 1535-ல் திரும்பி வந்து, அடுத்த ஆண்டு அங்கேயே இறந்தார். கத்தோலிக்கராகவே இறந்தவரைச் சீர்திருத்தக்காரர்கள் தங்கள் பெரிய கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள். 1559-ல் போப் நான்காம் பவுல் வெளியிட்ட தடைப் பட்டியலில் அவர் எழுதியது மொத்தமும் சேர்ந்தது. அவர் வாழ்நாள் முழுதும் விட்டுப்போக மறுத்த சபை அது.

இந்த மாதிரிப் பங்காளிச் சண்டைகள் உங்களுக்குத் தெரிந்தவை இருந்தால் எழுதுங்கள். பெயர்ப் பட்டியல் வேண்டாம், ஒன்றானாலும் விவரமாக வேண்டும்.

கோட்டைமதில் எழுதியது:

நல்ல பதிவு. ஆனால் அடிப்படையில் எனக்கு உடன்பாடு இல்லை. நூல்கள் மோதின, சரி. லூதரின் தலை கழுத்தில் நின்றதற்குக் காரணம் என்ன? 1521-ல் ஜெர்மன் இளவரசர்கள் கூடிய வோர்ம்ஸ் சபையில் பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸ் அவரைச் சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்துவிட்டார். அந்த ஆணை ஏன் காகிதத்திலேயே நின்றது?

பிரான்சின் அரசர் முதலாம் பிரான்சிஸால்தான். 1519-ல் பேரரசர் பதவிக்கு இருவரும் போட்டி போட்டார்கள். சார்ல்ஸ் சுமார் 8,50,000 ஃப்ளோரின் செலவழித்து வென்றார், அதில் பாதிக்கு மேல் ஃபுக்கர் என்ற வட்டிக்கடை வங்கிக் குடும்பத்திடம் வாங்கிய கடன். அன்றிலிருந்து பகை. 1525 பிப்ரவரி 24, சார்ல்ஸுக்கு அன்று சரியாக 25 வயது. அன்றைக்குத்தான் இத்தாலியில் பவியா போர்க்களத்தில் அவருடைய படை பிரான்சிஸையே உயிருடன் பிடித்தது. மாட்ரிட் சிறையில் பிரான்சிஸ் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார், பிணையாகத் தன் இரண்டு மகன்களைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். வந்ததும் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லிவிட்டார். அதற்குள் அவருடைய தாயார் துருக்கி சுல்தான் சுலைமானிடம் தூது அனுப்பியிருந்தார். 1526 ஆகஸ்டில் மொஹாச் போரில் ஹங்கேரி வீழ்ந்தது. அதே கோடையில் ஸ்பையர் சபையில், கடவுளுக்கும் பேரரசருக்கும் பதில் சொல்லத்தக்கபடி அவரவர் நடந்துகொள்ளலாம் என்று ஜெர்மன் இளவரசர்களுக்கு வழி விடப்பட்டது. மேற்கில் பிரான்ஸ், கிழக்கில் துருக்கி. நடுவில் ஒரு துறவியைத் தேடிப் பிடிக்க சார்ல்ஸிடம் ஆளும் இல்லை, காசும் இல்லை.

லூதர் தத்துவத்தால் பிழைக்கவில்லை. இரண்டு ராஜாக்களின் பகையால் பிழைத்தார்.

திண்ணைவாசி எழுதியது:

கோட்டைமதில் ஐயா, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் போர்கள் இல்லாவிட்டால் லூதரின் இயக்கம் முளையிலேயே கிள்ளப்பட்டிருக்கும். ஆனால் ஒன்று. 1530-ல் பிரான்சிஸ் சார்ல்ஸின் அக்கா எலினோரைக் கட்டிக்கொண்டார். மச்சான் ஆன பிறகும் சண்டை நின்றதா? இல்லை. ஆக அதுவும் கடைசியில் குடும்பச் சண்டையாகத்தான் போனது.

என் வாதம் வேறு. அந்த ராஜாக்கள் அடித்துக்கொண்ட இத்தாலியின் மிலான் யாருக்கு என்று இன்று யாருக்கும் கவலையில்லை. மனிதனுக்குச் சுயசித்தம் உண்டா என்ற கேள்வி இன்றும் ஒவ்வொரு சபையிலும் உயிரோடு இருக்கிறது. வாள் எல்லைகளை வரைந்தது. எல்லைக்குள் இருந்தவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை இந்த இருவரும் தீர்மானித்தார்கள்.

லாஷப்பல்காரன் எழுதியது:

நான் பாரிசில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஈஃபிள் கோபுரம் முடிந்ததும், நாட்டின் பெரிய மனிதர்களை அடக்கம் செய்திருக்கும் பந்தியோன் மண்டபத்துக்குக் கூட்டிப்போவேன். மேலே ஓவியங்கள் எல்லாம் இருக்கட்டும், கீழே நிலவறைக்குப் போங்கள். குளிர்ந்த கல், குறைந்த வெளிச்சம். நுழைந்ததும் ஒரு பக்கம் எழுத்தாளர் வோல்டேர், நேர் எதிரே இன்னொரு எழுத்தாளர் ரூசோ. வோல்டேரின் கல்லறைக்கு முன்னால் அவருடைய சிலை நிற்கிறது. ரூசோவின் பெட்டி ஒரு சின்னக் கோயில் வடிவம், அதன் கதவு லேசாகத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு கை தீப்பந்தத்தை நீட்டுகிறது. முதல் தடவை பார்த்தபோது நான் அந்தக் கைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

இருவரும் 1778-ல்தான் இறந்தார்கள், வோல்டேர் மே 30, ரூசோ ஜூலை 2. உயிரோடு இருந்தவரை ஒரே அறையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். 1755-ல் ரூசோ, மனிதர்களுக்கிடையே ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது என்ற தன் நூலை வோல்டேருக்கு அனுப்பினார். இதைப் படித்தால் நாலு காலில் நடக்க ஆசை வருகிறது, ஆனால் அந்தப் பழக்கம் விட்டு அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டதே என்று வோல்டேர் பதில் எழுதினார். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று லிஸ்பன் பூகம்பம். கடவுளின் ஏற்பாடு எல்லாம் நன்மைக்கே என்பவர்களை எதிர்த்து வோல்டேர் உருக்கமான ஒரு கவிதை எழுதினார். அடுத்த ஆண்டு ரூசோ அதற்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஆறு ஏழு மாடி வீடுகளை அத்தனை நெருக்கமாகக் கட்டியது இயற்கை அல்லவே என்றார். பேரழிவில் மனிதன் கட்டிவைத்ததின் பங்கு என்ன என்று இன்று ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நாம் கேட்கும் கேள்வியை அவர் அன்றே கேட்டுவிட்டார்.

பிறகு அது தனிப்பட்ட வெறுப்பாகிப் போனது. 1760-ல் ரூசோ, உங்களை நான் வெறுக்கிறேன் என்று நேரடியாகவே வோல்டேருக்கு எழுதினார். 1764-ல் ஜெனீவாவில் பெயர் போடாத ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. குழந்தை வளர்ப்பைப் பற்றி உலகத்துக்கே பாடம் எழுதிய ரூசோ, தன் சொந்தக் குழந்தைகளை அநாதை விடுதியில் விட்டவர் என்று அம்பலப்படுத்தியது. எழுதியது வோல்டேர். ரூசோ கடைசிவரை அது ஜெனீவாவின் ஒரு போதகர் எழுதியது என்றே நம்பினார். அந்தக் காயத்திலிருந்துதான் அவருடைய தன்வரலாறு பிறந்தது. தன்னை ஒளிக்காமல் எழுதுவது என்ற வழக்கமே ஐரோப்பாவில் அதற்குப் பிறகு வேறு மாதிரி ஆனது.

வோல்டேர் செய்தது கீழ்த்தரமான காரியம். எனக்கு அவர் எழுத்து பிடிக்கும், அதனாலேயே இதைச் சொல்கிறேன்.

இளநிலா எழுதியது:

லாஷப்பல் அண்ணா, உங்கள் கதையின் அடுத்த தலைமுறையை நான் சொல்லட்டுமா?

பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர்களான ரோபஸ்பியரும் காமிய் தெமூலானும் பாரிசில் ஒரே பள்ளியில், லூயி லெ கிராந்தில், உதவித்தொகையில் படித்தவர்கள். 1790 டிசம்பரில் காமிய் லூசீலைக் கல்யாணம் செய்தபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ரோபஸ்பியர் ஒருவர். மூன்றே வருடம். 1793 டிசம்பரில் காமிய் ஒரு பத்திரிகை தொடங்கி, கொலைகள் போதும், கருணைக்கென்று ஒரு குழு வேண்டும் என்று எழுதினார். 1794 ஜனவரி 7, புரட்சிக்காரர்களின் ஜாக்கோபின் மன்றக் கூட்டம். ரோபஸ்பியர் எழுந்து, இவன் கெட்டுப்போன பிள்ளை, ஆளை விட்டுவிடலாம், பத்திரிகையை இங்கேயே எரித்துவிடுவோம் என்றார். அது பள்ளித் தோழனைக் காப்பாற்ற அவர் எடுத்த முயற்சி என்றுதான் நான் நினைக்கிறேன். காமிய் அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. ரூசோவின் சொல்லிலேயே பதில் சொல்கிறேன், எரிப்பது பதில் ஆகாது என்றார்.

ரோபஸ்பியருக்கு ரூசோ தெய்வம் மாதிரி. அந்த தெய்வத்தின் வாக்கை, கூட்டம் முழுக்கக் கேட்க, பழைய நண்பன் அவருக்கு எதிராகத் திருப்பினான். ஏப்ரல் 5 அன்று காமியும் இன்னொரு புரட்சித் தலைவர் தாந்தோனும் ஒரே நாளில் வெட்டப்பட்டார்கள். எட்டு நாள் கழித்து லூசீல். ஜூலை 28 ரோபஸ்பியர்.

திண்ணைவாசி ஐயா சொன்ன பங்காளி என்ற சொல் இங்கேதான் எனக்கு உறைத்தது. இருவர் கையிலும் ஒரே ரூசோ இருந்தார்.

சிவப்புத்துண்டு எழுதியது:

இந்த இழையில் மார்க்ஸும், அரசே கூடாது என்ற ரஷ்ய அராஜகவாதி பகூனினும் இல்லாமல் போனால் நியாயமில்லை. நான் தொழிற்சங்கத்தில் இருபது வருடம் இருந்தவன், இதை வாசித்த காலத்திலிருந்து என்னை விடவில்லை.

1844-ல் பாரிசில் முதல் பழக்கம். 1848-ல் மார்க்ஸ் நடத்திய பத்திரிகை, பகூனின் ரஷ்ய அரசின் உளவாளி என்று ஒரு வதந்தியைப் போட்டது. ஆதாரம் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டிடம் இருப்பதாகச் சொன்னது. அவர் மறுத்து எழுதியதும் அந்த மறுப்பையும் போட்டார்கள், ஆனால் கறை கறைதான். அடுத்த வருடம் டிரெஸ்டன் எழுச்சியில் பகூனின் பிடிபட்டார். சாக்சனிச் சிறை, ஆஸ்திரியச் சிறை, பிறகு ரஷ்யாவில் கோட்டைச் சிறை, சைபீரியா. 1861-ல் தப்பி, ஜப்பான், சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் வழியாக உலகத்தையே சுற்றி லண்டன் வந்து சேர்ந்தார். 1864 நவம்பரில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். பதினாறு வருடம் கழித்தும் பின்னால் போகாமல் முன்னால் போயிருக்கிற சிலரில் அவர் ஒருவர் என்று மார்க்ஸ் தன் நண்பர் எங்கெல்ஸுக்கு எழுதினார்.

அந்த வருடம்தான் லண்டனில் பல நாட்டுத் தொழிலாளர் சங்கமான அகிலம் தொடங்கியது. நாலு வருடத்தில் பகூனின் உள்ளே வந்தார், தனக்கென்று ஒரு இரகசியக் கூட்டணியோடு. அரசைக் கைப்பற்றித்தான் விடுதலை என்று மார்க்ஸ், அரசு என்பதே விலங்கு என்று பகூனின். 1872 செப்டம்பர், ஹேக் மாநாடு. மார்க்ஸ் நேரில் வந்தார், பகூனின் வரவில்லை. அவரை நீக்க ஏற்ற தீர்மானத்தில் கொள்கை மட்டும் காரணமாக இல்லை, 300 ரூபிள் பணமும் இருந்தது. மார்க்ஸின் மூலதனம் நூலை ரஷ்ய மொழிக்குக் கொண்டுவர பகூனின் வாங்கிய முன்பணம். வேலையை முடிக்கவில்லை. அவருக்குத் துணையாக இருந்த நெச்சாயெவ் என்ற இளைஞன் பதிப்பாளரின் ஆளுக்கு மிரட்டல் கடிதம் எழுதியிருந்தான்.

மார்க்ஸை மொழிபெயர்க்க ஒத்துக்கொண்ட மனிதர், அந்த மொழிபெயர்ப்பின் பெயராலேயே வெளியே தள்ளப்பட்டார். அதே மாநாட்டில் எங்கெல்ஸின் யோசனைப்படி தலைமைக் குழு நியூயார்க்குக்கு மாற்றப்பட்டது. அகிலம் நாலு வருடத்தில் கலைந்தது, பகூனினும் அந்த ஆண்டே பெர்ன் நகரில் இறந்தார்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

தோழர், பாதிக் கதை பகூனின் பக்கமே சாய்கிறது. இரகசியக் குழு கட்டியது அவர்தானே? வெளியே சுதந்திரம் பேசிவிட்டு உள்ளே தன் சொல் கேட்கும் சின்ன வட்டத்தை வைத்திருந்தார். யூதர்களைப் பற்றி அவர் எழுதியதும் படிக்கவே கூசும். ஒரு அமைப்பு கட்டுக்கோப்பாக இல்லாவிட்டால் முதலாளி ஒரே நாளில் உடைத்துவிடுவான் என்பது உங்கள் சங்க அனுபவத்திலேயே தெரியுமே.

சிவப்புத்துண்டு எழுதியது:

தெரியும் தோழர். நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் 1873-ல் பகூனின் எழுதியதையும் மறைக்க முடியாது. ஆட்சிக்கு வந்த தொழிலாளி அந்த நிமிடமே தொழிலாளியாக இல்லாமல் போவான், அரசின் உயரத்திலிருந்து உழைப்பவர்களைக் கீழே பார்ப்பான் என்றார். மார்க்ஸ் அந்த நூலை ரஷ்ய மொழியிலேயே வாசித்துக் குறிப்பு எடுத்தார். இந்த இடத்தில் அவர் எழுதிய பதில்: இன்று ஒரு ஆலை முதலாளி நகரசபை உறுப்பினரானால் முதலாளியாக இல்லாமல் போய்விடுகிறானா என்ன? சாமர்த்தியமான பதில். அடுத்த நூற்றாண்டு ரஷ்யாவை நினைத்தால் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

அப்புறம் ஸ்பெயின். 1868-ல் பகூனின் அனுப்பிய ஃபனெல்லி என்ற இத்தாலியர் ஸ்பானிய மொழி தெரியாமலே மாட்ரிட் போய், பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் கையை ஆட்டி ஆட்டிப் பேசி ஒரு இயக்கத்தையே ஊன்றிவிட்டு வந்தார். 1937 மே 3, ஸ்பானிய உள்நாட்டுப் போரின் நடுவே, பார்சலோனா தொலைபேசி நிலையம். அராஜகவாதிகளின் சங்கத்தார் கையில் இருந்தது. கம்யூனிஸ்ட் அதிகாரி ஒருவர் போலீசோடு வந்து நுழைந்தார். ஃபிராங்கோவின் படை ஒரு பக்கம் முன்னேறிக்கொண்டிருக்க, எதிர்த்து நின்றவர்கள் நாள்கணக்கில் தெருவில் ஒருவரையொருவர் சுட்டார்கள். ஹேக்கில் உடைந்தது அங்கே குண்டாக வெடித்தது என்றுதான் நான் பார்க்கிறேன்.

கணக்குவாத்தியார் எழுதியது:

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளஸ் டூ மாணவர்களுக்கு டிஒய் பை டிஎக்ஸ் எழுதும்போதெல்லாம் எனக்கு ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் ஞாபகம் வரும். அது அவர் குறியீடு. நுண்கணிதத்தை நியூட்டன் 1665, 66-லேயே கண்டுபிடித்து அச்சிடாமல் வைத்திருந்தார். லைப்னிட்ஸ் தனியாகக் கண்டுபிடித்து 1684-ல் அச்சிட்டார். திருட்டுப் பட்டம் கட்டப்பட்டதும் லைப்னிட்ஸ் லண்டன் ராயல் சொசைட்டியிடமே நியாயம் கேட்டார். 1712-ல் விசாரணைக் குழு போட்டார்கள். சொசைட்டியின் தலைவர் நியூட்டன். குழுவின் அறிக்கையைத் தயாரித்ததும் நியூட்டனேதான், பெயர் போடாமல். பிறகு அதற்கு மதிப்புரையும் அவரே எழுதினார், அதிலும் பெயர் இல்லை.

வென்றவர் நாடு நஷ்டப்பட்டது. பிரிட்டிஷ்காரர்கள் நூறு வருடம் நியூட்டனின் புள்ளிக் குறியீட்டையே பிடித்துக்கொண்டு தொங்க, ஐரோப்பாவின் மற்ற கணிதக்காரர்களான பெர்னூலிகளும் ஆய்லரும் லைப்னிட்ஸ் வழியில் எங்கோ போய்விட்டார்கள். 1812-ல் பாபேஜும் நண்பர்களும் கேம்பிரிட்ஜில் ஒரு சங்கம் வைத்துத்தான் லைப்னிட்ஸின் குறியீட்டை உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது.

கடல்மணல் எழுதியது:

திண்ணைவாசி ஐயா, நான் தரங்கம்பாடிப் பக்கம். உங்கள் முதல் பதிவில் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

1706-ல் இங்கே வந்து இறங்கிய ஜெர்மன் போதகர் சீகன்பால்கு லூதரின் சபைக்காரர். மக்கள் பேசும் மொழியில் வேதம் இருக்க வேண்டும் என்ற லூதரின் பிடிவாதம்தான் அவரைத் தமிழ் எழுத்தை மணலில் விரலால் எழுதிப் படிக்க வைத்தது. ஆனால் புதிய ஏற்பாட்டை அவர் தமிழாக்கியது கிரேக்க மூலத்தை வைத்து. அந்தக் காலத்தில் அச்சில் புழங்கிய கிரேக்கப் பதிப்புகள் எல்லாம் ஏறக்குறைய இராஸ்மஸின் வழியில் வந்தவை. 1715-ல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சிட்டு முடித்தார்கள். இருவரும் உயிரோடு இருந்தபோது பேசிக்கொள்ளவில்லை, சரி. இங்கே ஒரே அட்டைக்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

நீங்கள் சொன்ன அந்தச் சொல்லை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். மத்தேயு மூன்றாம் அதிகாரம், யோவான் வனாந்தரத்தில் கூப்பிடும் இடம். எங்கள் ஆயா கண்ணாடி போடாமலே, விரலை வரியில் வைத்து, சத்தமாக வாசிப்பார். அதில் தவம் செய்யுங்கள் என்று இல்லை. 'மனந்திரும்புங்கள், பரலோகராஜ்யம் சமீபித்திருக்கிறது' என்றுதான் இருக்கிறது.